ராமுத்தாய் ஏறாத வண்டி

அந்தப் பையை மேல வைக்காதீங்க தம்பி. முதல் கொண்டை ஊசி வளைவுலயே தலையில வந்து விழும். கீழ, கால்கிட்ட வைங்க. ஆங், அப்படி. எங்க போறீங்க? மூலக்காடா? மூலக்காட்டுக்கு வெளியாள் யாரு வர்றா... அட, புது வாத்தியாரா! முதல்லயே சொல்லக் கூடாதா? அப்ப சார்னுல்ல கூப்பிடணும். சரி, என் வயசுக்குத் தம்பின்னே கூப்பிடுறேன், கோவிச்சுக்காதீங்க. நான் குருநாதன். மூலக்காட்டுக்குப் போற வழியிலதான் நம்ம காபித் தோட்டம். நீங்களும் நானும் ஒரே இடத்துலதான் இறங்கணும், ஊசிப்பாறை விலக்கு. அங்கிருந்து மண்பாதை. இந்த ஐப்பசி மழையில அதுல நடந்தீங்கன்னா செருப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் கிடக்கும். கவலைப்படாதீங்க. விலக்குல டீக்கடை ஓரமா நம்ம வண்டி நிக்குது. கொண்டுபோய் விட்டுர்றேன்.

ஜீப்பா? ஜீப்பெல்லாம் இல்ல தம்பி. இது வேற. வெளிநாட்டுல மணல்லயும் காட்டுலயும் ஓட்டுறதுக்குன்னே செஞ்சது. நாலு சக்கரம், மேல கம்பிக்கூடு, கதவு கிடையாது, ரெண்டே ரெண்டு சீட்டு பக்கத்துல பக்கத்துல. மேல ஒரு ரிசார்ட்டுல வந்தவங்களைச் சுத்திக் காட்ட வச்சிருந்தாங்க. அதை மூடுனப்ப ஒண்ணை நான் பிடிச்சுட்டேன். தார் ரோட்டுல ஓட்டக் கூடாது, காட்டுப் பாதைக்கு மட்டும்தான். எங்க பக்கம் அதுக்குத் தவக்களை வண்டின்னு பேரு. பள்ளம் மேடுன்னா தாவித் தாவிப் போகும்ல, அதான்.

எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது தம்பி. நானும் ராமுத்தாயும்தான். ராமுத்தாய் என் வீட்டுக்காரி. ரெண்டு ஆளுக்கு ரெண்டு சீட்டு, கணக்கா இருந்துச்சு. தினம் சாயங்காலம் வேலையாள்லாம் போனதுக்கப்புறம் வண்டியை எடுத்துக்கிட்டு மேக்காட்டுக்குப் போவோம். அங்க மிளகுக்கொடி இருக்கு, காட்டெருமை வேலியை ஒடிச்சுட்டுப் போயிருக்கான்னு பாக்கணும். பாத்துட்டு, தூக்குவாளியில கொண்டுபோன டீயைக் குடிச்சுட்டு, இருட்டுறதுக்குள்ள இறங்கிருவோம்.

ஆனா அவளுக்கு வாய் இருக்கே வாய்! ஏறி உக்காந்ததுலருந்து இறங்குற வரைக்கும் ஓயாது. அந்தப் பலாவுல பிஞ்சு பிடிச்சிருக்கு பாருங்க, இந்தப் பொண்ணு நேத்து ஏன் வேலைக்கு வரலை தெரியுமா, என் தங்கச்சி வீட்டுப் பசு காளைக்கன்னு போட்டுருச்சாம்... எஞ்சின் சத்தத்துல பாதி காதுலயே விழாது. நான் 'ம்'னு கூடக் கொட்ட மாட்டேன். அதுக்கும் அவளே பதில் சொல்லிக்கிட்டு வருவா.

இப்ப என்னாங்குறீங்க? அவ வத்தலக்குண்டுல தங்கச்சி வீட்டுல உக்காந்திருக்கா. ஆடி மாசம் போனவ. நான் இப்ப அங்கிருந்துதான் வர்றேன். கூட்டிட்டு வர்றதுக்குத்தான் போனேன். பாருங்க, தனியா வர்றேன்.

சண்டையா? சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. அடிச்சேனா பிடிச்சேனா? குடிக்கிற பழக்கம் உண்டா? ஒண்ணும் கிடையாது. கேட்டா சிரிப்பீங்க தம்பி. வண்டிக்கு டயர் மாத்துனேன். அம்புட்டுத்தான். டயர் மாத்துனதுக்கு வீட்டை விட்டுப் போன பொம்பளையை எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா?

இருங்க, முதல்லருந்து சொல்றேன். நீங்க படிச்சவரு, நியாயத்தைச் சொல்லுங்க. போன வருசம் இதே ஐப்பசி. மேக்காட்டுலருந்து இறங்கி வர்றோம், நடுவுல ஒரு காட்டோடை. தண்ணி கொஞ்சம்தான், ஆனா அடியில கல்லும் சேறும். வண்டியோட வயிறு கல்லுல தட்டி உக்காந்துருச்சு. முன்னயும் போகாது, பின்னயும் வராது. நான் ஸ்டியரிங்கைப் பிடிக்க, அவ முழங்கால் சேத்துல இறங்கித் தள்ளுனா. எப்படியோ ஏறிருச்சு. வீட்டுக்கு வந்து பாத்தா கால்ல அட்டை. பிச்சுப் போட்டாலும் ரத்தம் நிக்க மாட்டேங்குது. புகையிலையை வச்சுக் கட்டிக்கிட்டு, அப்பவும் பேசிக்கிட்டேதான் இருந்தா. எனக்குத்தான் மனசு கேக்கல. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன் தம்பி. இனிமே என் பொண்டாட்டி சேத்துல கால் வைக்கக் கூடாது. அதுக்குத்தான் டயரே மாத்துனேன். ஊருல அவனவன் பவுசுக்கு மாத்துனேன்னு பேசுறான். அவனுக்கு என்ன தெரியும்?

மிளகு வித்த கையோட கோயம்புத்தூருலருந்து டயர் வரவழைச்சேன். ஒவ்வொண்ணும் என் தொடை உசரம். அதுல பட்டன், அதான் மண்ணைக் கவ்வுற மேடு, ஒவ்வொண்ணும் கட்டைவிரல் தண்டி இருக்கும். வத்தலக்குண்டு மெக்கானிக் சவரிமுத்துதான் தோட்டத்துக்கே வந்து மாட்டுனான். சும்மா கழட்டி மாட்டுற வேலைன்னு நினைச்சேன். எங்க? மாட்டி ஸ்டியரிங்கைத் திருப்புனா மட்கார்டுல 'கிர்ரு'ன்னு உரசுது. மட்கார்டு ஓரத்தை வெட்டுனான். அப்பவும் உரசுது. "அண்ணே, இரும்புக்கட்டை குடுத்து பாடியைத் தூக்குனாத்தான் சரி வரும்"னான். தூக்குடா, அதுக்குத்தானே மாத்துறோம்னேன். டயரு கனம், இழுவை குறையும்னு எஞ்சின் பெல்ட்டை வேற மாத்தினோம். எல்லாம் முடிச்சு நிறுத்துனப்ப வண்டி நின்ன நிப்பு இருக்கே தம்பி, யானைக்குட்டி தோத்துரும்.

சவரிமுத்து ஒண்ணு கேட்டான். "ஏறுறதுக்கு ஒரு படி வெல்டிங் வச்சுரட்டுமாண்ணே, உசரம் கூடிப்போச்சே"ன்னான். அடப் போப்பா, வயித்தைத் தூக்குறதுக்குக் காசைக் கொட்டிட்டு, கீழ ஒரு படியைத் தொங்க விட்டா அது போயிக் கல்லுல மாட்டாதா? நியாயந்தானே தம்பி? எவனாச்சும் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு ஒரு முனையைத் தொங்க விடுவானா?

ராமுத்தாய் ஆரத்தி எடுத்தா. டயருக்கு மஞ்சள் குங்குமம் வச்சா. நாலு டயருக்கும் அடியில எலுமிச்சம்பழம் வச்சா. நான் ஏத்துனேன். மூணு நசுங்குச்சு. நாலாவது பழம் பட்டனுக்கு நடுவுல இருக்கிற பள்ளத்துல போயிச் சொருகிக்கிட்டு, நசுங்காம டயரோடயே சுத்திட்டு வருது. வேலைக்கு வந்த பொம்பளைங்க எல்லாம் சிரிப்பு. இவ மட்டும் "என்னங்க இது, பழம் நசுங்கலையே"ன்னு முகத்தைச் சுருக்குனா. அடியே, டயரு அம்புட்டு ஆழம்டின்னேன். குச்சியை விட்டு நோண்டி எடுத்துத் தூரப் போட்டேன்.

அன்னிக்குச் சாயங்காலம் வழக்கம்போலக் கிளம்புறோம். நான் ஏறி எஞ்சினை ஓட விட்டு உக்காந்துட்டேன். இவ அந்தப் பக்கம் நின்னு கம்பியைப் பிடிக்கிறா, காலைத் தூக்குறா, வைக்கிறா. திரும்பத் தூக்குறா, வைக்கிறா. எட்டல. "ஏறு, ஏறு"ன்னு நானும் சொல்லிப் பாக்குறேன். "எங்கங்க ஏற, இடுப்புக்குல்ல வருது"ங்கிறா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! அவ ஒண்ணும் குட்டையில்ல தம்பி. முட்டிதான் கொஞ்சம் மக்கர் பண்ணும். அதுவும் யாருக்குத்தான் இல்ல?

கடைசியில, பட்டர் ஃப்ரூட் அடுக்குற பிளாஸ்டிக் பெட்டியைக் கவுத்துப் போட்டு அது மேல நின்னு ஏறுனா. பாருங்க, மனசு இருந்தா மார்க்கம் இருக்கு. ஏறி உக்காந்து, "ஆத்தி, இங்கிருந்து பாத்தா தோட்டமே வேற மாதிரி இருக்கு"ன்னு சிரிச்சா. ஓடையில தண்ணி இருந்துச்சு. நம்ம வண்டி ஒரு உலுக்கு இல்லாம ஏறி இறங்குச்சு. பாத்தியாடின்னு கேட்டேன். பாத்தேங்கன்னா. எனக்குப் பெருமை தாங்கல.

ஆனா மேக்காட்டுக்குப் போனா இறங்க மாட்டேங்குறா. பெட்டி வீட்டு வாசல்லயே கிடக்குல்ல! நான் வேலியைப் பாத்துட்டு வர்ற வரைக்கும் மகாராணி மாதிரி சீட்டுலயே உக்காந்திருந்தா. டீயைக் கூட அங்கயே குடிச்சா. எனக்குச் சிரிப்புதான். மறுநாளும் அதே கதை. அதுக்கு மறுநாள் நான் மேக்காட்டுல பம்பு ரிப்பேர் பாத்துக்கிட்டிருக்கேன், "என்னங்க, கொஞ்சம் இறங்கணும்"ங்கிறா. கை பூரா கிரீஸு. இருடி வர்றேன்னேன். கொஞ்சம் கழிச்சு, "அவசரமா இறங்கணும்ங்க"ங்கிறா. இருடிங்கறேன்ல! அதுக்குள்ள என்ன அவசரமோ, குதிச்சுட்டா. குதிச்சு முட்டியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. அதுக்கு ஒரு வாரம் எண்ணெய் தடவல், ஒத்தடம். சும்மா ஒரு குதி தம்பி. சின்னப் பிள்ளைங்க திண்டுலருந்து குதிக்கல?

அதுக்கப்புறம் ஒருநாள் வேலைக்கு வர்ற பொம்பளைங்க நாலு பேரு சேந்து அவளைப் பின்னாலருந்து தூக்கி ஏத்திவிட்டாங்க. 'ஏலேலோ ஐலசா'ன்னு ராகம் போட்டு. ஒருத்தி, "அக்கா, அடுத்த தடவை கப்பி வச்சுத்தான் தூக்கணும்"னா. எல்லாம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டேன். சிரிப்பு வராம என்ன செய்யும், நீங்களே சொல்லுங்க. இவ சீட்டுல உக்காந்து சேலையைச் சரி பண்ணிக்கிட்டே இருந்தா. அன்னிக்கு மேக்காடு போயிட்டுத் திரும்புற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல தம்பி. எனக்கு எஞ்சின்லதான் ஏதோ சத்தம் மாறிப்போச்சுன்னு தோணுச்சு. நிறுத்தி இறங்கிப் பாத்தேன். எஞ்சின் நல்லாத்தான் இருந்துச்சு.

மறுநாள் கிளம்பும்போது கூப்பிட்டேன். "நீங்க போங்க"ன்னா. அடுத்த நாளும் "நீங்க போங்க". இடையில ஒரு தரம், "சவரிமுத்து சொன்ன படியை வைக்கச் சொல்லுங்களேன்"னா. கல்லுல மாட்டும்னு எத்தனை தரம்டி சொல்றதுன்னு கத்துனேன். நான் கத்துனது தப்புத்தான், ஆனா விசயம் சரி. அவ பிடிச்ச முயலுக்கு மூணு கால். நானும் விட்டுட்டேன். சும்மா காலியா ஏன் போகணும்னு அவ சீட்டுல உர மூட்டையை வச்சுக் கட்டிக்கிட்டுப் போவேன். மூட்டை சாயாம இருக்க அவ சீட்டு பெல்ட்டையே போட்டு விட்டேன்.

ஆடி பிறந்துச்சு. "தங்கச்சி வீட்டுக்குப் போயி கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றேன்"னா. ஆடிக்குப் புதுப்பொண்ணுல்ல தம்பி அம்மா வீட்டுக்குப் போகும்! அறுபதுல இவளுக்கு என்ன ஆடின்னு நான் கேலி பண்ணேன். அவ துணியை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டே இருந்தா. சரி, விலக்கு வரைக்கும் வண்டியில கொண்டுபோய் விடுறேன்னேன். வேணாம்னுட்டு நடக்க ஆரம்பிச்சுட்டா. விடுவேனா நான்? வண்டியை எடுத்துக்கிட்டுப் பின்னாலயே போனேன். அவ முன்னால பையோட விந்தி விந்தி நடக்குறா, நான் பின்னால வண்டியில ஊர்ந்து ஊர்ந்து போறேன். "ஏறு ராமு, ஏறு"ன்னு சொல்லிக்கிட்டே போறேன். வழிநெடுக. எதிர்ல வந்தவன்லாம் ஒதுங்கி நின்னு வேடிக்கை பாத்தான். மானம் போச்சு எனக்கு. விலக்கு வரைக்கும் அவ திரும்பிப் பாக்கவே இல்ல.

அப்புறம் நடந்ததுதான் தம்பி எனக்கு ஆறவே மாட்டேங்குது. பஸ்ஸு வந்துச்சு. இதே பஸ்ஸுதான். இந்தப் படியைப் பாத்தீங்கல்ல? இது என்ன தரையோட தரையாவா இருக்கு? நம்ம வண்டிக்கு ஒரு இஞ்சு கூடக் குறையாது. கண்டக்டர் இறங்கி வந்து பையை வாங்கி உள்ள வச்சாரு. "மெதுவா வாங்கம்மா, அவசரமில்ல"ன்னு கையைப் பிடிச்சாரு. இவ ஏறி உள்ள போயிட்டா! பஸ்ஸுல ஏற முட்டி வலிக்கல, என் வண்டியில ஏறத்தான் வலிக்குதாம். அப்ப இது முட்டிவலியா, இல்ல வீம்பா? நீங்களே சொல்லுங்க.

ஆடி போச்சு. ஆவணி, புரட்டாசி போச்சு. போன்ல பேசுனா "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா"ன்னு கேப்பா. எப்ப வர்றேன்னு கேட்டா, பாப்போம்பா. ஒண்ணு சொல்றேன் தம்பி, உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன வெக்கம். எனக்கு வீட்டுல இருக்க முடியல. ராத்திரின்னு இல்ல, பகல்லயே முடியல. சோறு நானே வடிச்சுக்குவேன், அதெல்லாம் பழகிருச்சு. அந்தச் சத்தம் இல்லாமத்தான் முடியல. காது ரெண்டையும் பஞ்சு வச்சு அடைச்ச மாதிரி இருக்கு. மேக்காட்டுக்குப் போயி பலாவைப் பாத்தா பிஞ்சு விட்டிருக்கு. பாருன்னு சொல்லத் திரும்பினா உர மூட்டை. ஒருநாள் அந்த மூட்டைகிட்டயே சொல்லிட்டேன். சிரிக்காதீங்க.

அதான் இன்னிக்கு ஒரு முடிவோட போனேன். வெள்ளைச் சட்டை, புது வேட்டி, அவளுக்குப் பிடிக்குமேன்னு கமலா ஆரஞ்சு ஒரு பை. தங்கச்சி வீட்டு வாசல்ல நின்னு, "ராமு, கிளம்பு, மத்தியான பஸ்ஸைப் பிடிச்சா வெளிச்சத்துலயே போயிரலாம்"னேன். உள்ள வாங்கன்னா. சாப்பாடு போட்டா. நெய்மீன் குழம்பு, முட்டைப்பொரியல். நான் சாப்பிடச் சாப்பிட எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தா. "இளைச்சுட்டீங்க"ன்னா.

கையைக் கழுவிட்டு, கிளம்புவமான்னு கேட்டேன். "பஸ்ஸுல வந்துருவேங்க. விலக்குலருந்து வீட்டுக்கு எப்படி வருவேன்?"னா. வண்டி நிக்குதேன்னேன். "அதுல எப்படிங்க ஏறுவேன்?"னா. எல்லாரும் எப்படி ஏறுறாங்களோ அப்படித்தான், ஒரே ஒரு எட்டுதானேன்னேன். அவ தட்டை எடுத்து ஓரமா வச்சா. அப்புறம் சொல்றா, கோவமா இல்ல, சாதாரணமாத்தான் சொல்றா. "நான் இங்கயே இருந்துக்குறேங்க. பக்கத்து வீட்டு மாடியில ஒரு ரூம் இருக்காம். படியில கைப்பிடி இருக்கு. நீங்க வரும்போதெல்லாம் வாங்க, சமைச்சுப் போடுறேன்."

வரும்போதெல்லாம் வாங்களாம். நான் என்ன விருந்தாளியா தம்பி? முப்பத்தஞ்சு வருசம் ஒரே வீட்டுல இருந்தவன். ஆரஞ்சுப் பையை அங்கயே வச்சுட்டுச் செருப்பைப் போட்டுக்கிட்டு வந்துட்டேன். தெருமுனை வரைக்கும் வந்து நின்னா. நான் திரும்பிப் பாக்கல. பாத்திருக்கணும். பாத்திருந்தா அழுதிருப்பேன், நடுத்தெருவுல.

அவ இல்லாம அந்தத் தோட்டத்துல நான் என்ன பண்ணப்போறேன்? காபிப் பழம் பழுத்தா என்ன, உதுந்தா என்ன? நான் அவளுக்காகச் செஞ்ச ஒரே ஒரு காரியம் தம்பி அந்த டயரு. வேற எதுவுமே அவளுக்குன்னு நான் வாங்குனதில்ல. நகை கேட்டதில்ல, சேலை கூட அவளேதான் எடுத்துக்குவா. இது ஒண்ணுதான் அவ கேக்காமலே நானா செஞ்சது. அதுவே இப்படி ஆயிருச்சு. நல்லதுக்குக் காலமில்ல.

இந்தா, விலக்கு வந்துருச்சு. எந்திரிங்க, எந்திரிங்க. பெட்டி வேற இருக்கா? புத்தகமா? அதை இப்படிக் குடுங்க. கண்டக்டர், ஒரு நிமிசம்ப்பா, வாத்தியாரு இறங்கட்டும். பாத்து, பாத்து. மழை இன்னும் விடல. துண்டைத் தலையில போட்டுக்கோங்க.

அந்தா நிக்குது பாருங்க, டீக்கடைக்கு அங்கிட்டு. எப்படி இருக்கு? நான் சொன்னேன்ல! அந்த மூட்டையைக் கழட்டிப் பின்னால போட்டுர்றேன், நீங்க அந்தச் சீட்டுல உக்காருங்க. நான் ஏறிக்கிறேன். ம், ஸ்டார்ட் ஆயிருச்சு. ஏறுங்க தம்பி. கம்பியைப் பிடிச்சு ஒரு எட்டு வைங்க. படியைத் தேடாதீங்க, படி கிடையாது. அட, வழுக்குதா? செருப்பு பூரா சேறு. வேணாம் வேணாம், குதிக்காதீங்க, விழுந்து கைகாலை ஒடிச்சுக்கிட்டா நாளைக்கு யாரு பாடம் நடத்துறது? ஊருக்குப் புதுசா வந்தவரு. இருங்க, ஒரு நிமிசம். எஞ்சினை நிறுத்திட்டு நானே இறங்கி, டயருக்கு ஒரு கல்லை அண்டக்குடுத்துட்டு வர்றேன்.

அந்தப் பையையும் குடுங்க, பெட்டியோட உள்ள வச்சுர்றேன். ஆங். ஒரு கையில கம்பி, ஒரு கை என் தோள்ல. கூச்சப்படாதீங்க, நல்லா அழுத்திப் பிடிங்க. இப்ப அந்தக் காலை என் கையில வைங்க. சேறா? இருக்கட்டும், கழுவுனாப் போயிருது. ம்... மெதுவா... அவசரமில்ல... அவ்வளவுதான், உக்காந்தாச்சு!

பாத்தீங்களா தம்பி? என்ன பெரிய உசரம்? ஒரு கை பிடிச்சா முடிஞ்சுபோற காரியம். இது அவளுக்குப் புரிய மாட்டேங்குதே.